பிணப்பூச்சு

நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு நேரந்தான் உட்கார்ந்திருப்பாள் என்று ரோஸ்லின் நினைத்துக்கொண்டாள். நினைப்பதைத் தவிர அவளால் இப்போது வேறெதுவும் செய்ய முடியாது. தலையைத் திருப்பக் கூடாது, தோளை இறக்கக் கூடாது, மடியில் பிள்ளைக்குப் பதிலாக வைத்திருக்கும் தலையணையை நழுவ விடக் கூடாது, வாயை மூடக் கூடாது, வாய்க்குள் குதப்பி வைத்திருக்கும் வெற்றிலைச் சாற்றை விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. அது தானாகக் கீழுதட்டைத் தாண்டித் தாடையில் வழிந்தால்தான் அழகு என்று படம் வரைகிற அவள் புருஷன் சவரிநாதன் சொல்லியிருக்கிறான். அழகாம். எச்சில் ஒழுகுவதில் என்ன அழகைக் கண்டானோ. மகள் ஜெசி எச்சில் ஒழுக்கினால் மட்டும், ஏய் ரோசு, பிள்ளைக்குத் துடைச்சு விடு என்று தூர நின்று குரல் கொடுப்பான், சட்டையில் பட்டுவிடுமாம். சாறு இப்போது நாக்கடியில் இளஞ்சூடாகத் தேங்கி, சுண்ணாம்புக் காரமெல்லாம் போய், வெறும் சளி மாதிரி ஆகிவிட்டது. விழுங்கினால் வாந்தி, துப்பினால் சண்டை. இன்றைக்குச் சண்டை வேண்டாம். இன்றைக்குப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். காலையில் காபி குடிக்கும்போது, அவனாகச் சொல்லவில்லை, அவள் கேட்டபிறகுதான், இன்னிக்கு ஏத்திர்றேன் ரோசு என்று டம்ளருக்குள் பார்த்தபடி சொன்னான். அதற்காகத்தான் அவள் நாடகக்காரர்களின் வெல்வெட்டைச் சுற்றிக்கொண்டு, தலையில் ஆட்டுக் கொம்பைக் கட்டிக்கொண்டு, திண்டுக்கல் வெயிலில் தகரம் போட்ட இந்த மாடி அறையில் காட்டேரியாக உட்கார்ந்திருக்கிறாள். படத்திலே காட்டேரி, கோயிலில் மாதா உட்கார்ந்திருப்பது மாதிரி நீலப் போர்வை போட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள், வாய் மட்டும் காட்டேரி வாய். அவள் மடியில் ஒரு பிள்ளை கிடக்கிறது. பிள்ளைக்கு ஜெசியின் முகம். அது பச்சையும் சாம்பலுமாகச் செத்துக் கிடக்கிறது. இன்றைக்கு அதற்கு ரத்தம் ஏறிவிட்டால் போதும், ரோஸ்லினுக்கு மூச்சு வந்துவிடும். காட்டேரிக்குக் கோரைப்பல் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், அது அவள் வாய்தானே, போகட்டும்.

வெல்வெட் நாறியது. வத்தலக்குண்டில் நாடக சாமான் வாடகைக்கு விடுகிற கடை ஒன்றை மூடுகிற சமயத்தில் சவரி போய் அதை அள்ளிக்கொண்டு வந்தான். ராஜா வேஷம் கட்டினவர்கள் முதுகில் போட்டுத் திரிந்தது. எத்தனை ராஜாக்களின் வேர்வையோ, பீடிப் புகையோ, கழுத்தில் வழிந்த அரிதாரமோ, எல்லாம் ஊறி உள்பக்கம் கருவாட்டுத் தோல் மாதிரி மொடமொடத்துப் போயிருக்கிறது. சோப்புத்தூளில் ஊறப்போட்டு அலசித் தருகிறேன் என்றதற்கு, துவைச்சா அந்த மடிப்பு விழாது ரோசு, மடிப்புக்குத்தானே வாங்குனேன் என்றான். அவனுக்கு எதைத் துவைத்தாலும் ஏதோ ஒன்று போய்விடும். பிடரியில் அரிக்கிறது. அரிக்கிற இடத்தை நினைக்காமலிருந்தால் அரிப்பு நின்றுவிடும், ஆனால் நினைக்கக்கூடாது என்று நினைக்கும்போதே அந்த இடத்தைத்தான் நினைக்கவேண்டியிருக்கிறது. வேறு எதையாவது நினைக்கலாம், நல்லதாக, சமையல், பால் பாத்திரம். சீ, பால் பாத்திரமா நல்லது? கான்வாஸுக்கு அடியில் வஜ்ஜிரம் பூசவேண்டுமாம். ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தி படம் போட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் பூசினார்களாம், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. கடையில் டப்பாவில் விற்கிற வெள்ளைப் பூச்சு ஆகாது. திண்டுக்கல்லில் தோலுக்கா பஞ்சம், தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் கழித்துப் போட்டதை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டான். ஈரத் தலையோடு வெளியே வந்தால் வீடே குப்பென்று மணக்கிறது. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா ஜெயக்கொடி அக்கா படியில் நின்று, “என்ன ரோசு, ஆட்டுக்கால் சூப்பா? எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வை, முட்டி பிடிச்சுக்கிச்சு” என்கிறாள். “அய்யோ அக்கா, அது பசைக்கா” என்றால், “பசையா! இந்தச் சட்டியிலயா அந்தப் பச்சமண்ணுக்குப் பால் காய்ச்சுற?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்கு ரோஸ்லின் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது. பாத்திரத்தைத் தூக்கி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, புதுசு வாங்கிட்டு வாங்க, மூடி போட்டதா என்றாள். அவனும் சிரித்தான். அவன் சிரிக்கத் தெரிந்தவன்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் அப்பா, மாப்பிள்ளை ஆர்ட்டிஸ்டுன்னா போர்டு எழுதுறவரா என்று கேட்டதும், கூட வந்தவர்கள் முகம் சுருங்கியது, அவன் மட்டும், ஆமா மாமா, கூலி கூடக் குடுத்தா எழுத்துப்பிழை இல்லாம எழுதுவேன் என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே இவள் உள்ளே நின்று சம்மதித்துவிட்டாள். அவன் அப்பா கோயில்களுக்குச் சுரூபம் செய்து வர்ணம் தீட்டுகிறவர் என்றதும் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி, பக்தியுள்ள குடும்பம் என்று. அந்த மாமனார் குழந்தை இயேசுவுக்குக் கன்னத்தில் ரோஸ் வைத்தால் பார்க்கிறவர்களுக்குக் கிள்ளத் தோன்றும். அவர் பெற்ற பிள்ளைக்கு ரோஸ் பிடிக்காது. மூன்றாம் நாள் ஆட்டுத்தலைதான் பிடிக்கும்.

ஆட்டுத்தலையை நினைத்ததும் தொண்டை ஒருமுறை எக்கியது, சாறு குபுக்கென்று உதட்டுக்கு வந்து தாடையில் கோடு போட்டு இறங்கியது. “ஆங், அதுதான், அதுதான், அப்படியே இரு” என்று கான்வாஸுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சனியன். அந்தத் தலை பிரிட்ஜில் இட்லி மாவுக்குக் கீழே பாலிதீன் பையில் இருந்தது, அவள் மாவு எடுக்கக் குனிந்தபோது பைக்குள்ளிருந்து அது அவளைப் பார்த்தது. பார்க்காம வரையக் கூடாது ரோசு, அந்தக் காலத்து ஆளுங்க ஒரு திராட்சைப்பழம் வரையணும்னாலும் எதிர்ல வச்சுத்தான் வரைஞ்சாங்க என்றான். திராட்சைப்பழம் வைத்தால் இவள் ஏன் கேட்கப்போகிறாள், வரைந்து முடித்ததும் தின்னலாம். அந்தத் தலையை மேஜைமேல் வைத்தான். முதல் நாள் ரத்தம், அடுத்த நாள் ஈ, அதற்கடுத்த நாள் கண் உள்ளே குழிந்து, குழிக்குள் ஏதோ தண்ணீர் கட்டி ஜன்னல் வெளிச்சம் அதில் மினுங்கியது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தூக்கி எறியுங்க என்று சொல்ல வந்தவள் சொல்லாமலே நின்றுவிட்டாள். ஆட்டைப் பார்த்து அல்ல. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் முகத்தைப் பார்த்து. தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, வாய் லேசாகத் திறந்து, முத்தம் கொடுக்கப் போகிறவன் மாதிரி அவ்வளவு கிட்டத்தில் குனிந்திருந்தான். அந்தச் சாய்ப்பு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் விடிகாலையில் அவள் தூங்கி எழுந்தால் அவன் இப்படித்தான் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான், ஆசை என்று நினைத்துக்கொண்டு அவள் வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வாள். ஆசைதான். ஆட்டுத்தலை மேலும் அதே ஆசை. இரண்டுக்கும் ஒரே கண் என்று தெரிந்த அன்றைக்கு அவளுக்கு அந்தப் போர்வையை எடுத்து எரிக்கவேண்டும்போல் இருந்தது.

சரி, அது போகட்டும், ஆடு ஆடுதான், போர்வை போர்வைதான். பிள்ளை விஷயத்தில் அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கரித்துண்டால் வரைந்துகொண்டே, மடியில ஒரு குழந்தை வேணும் ரோசு, ஜெசியை வச்சுக்கட்டுமா என்று கேட்டான். “என்னைய என்ன வேணாலும் பண்ணிக்கங்க, கொம்பு வைங்க, வால் வைங்க. பிள்ளை மொகத்தை மட்டும் வைக்கக் கூடாது” என்றாள். “சரிம்மா, கை காலை மட்டும் இவளைப் பாத்துப் போட்டுக்கிறேன், மொகத்துக்குக் கோயில் படத்துல இருக்க பாலனை வச்சுக்கிறேன்” என்றான். தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம். போன வாரம் அறையைக் கூட்ட வந்தவள் விளக்குமாறும் கையுமாகப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். முதலில் கண்ணில் பட்டது காதுதான். ஜெசிக்கு இடது காது மேல்நுனி ஆப்பத்தின் ஓரம் மாதிரி உள்ளே மடிந்திருக்கும், பிறந்தபோதே அப்படி, நர்ஸ் போகப்போகச் சரியாகிவிடும் என்றாள், ஆகவில்லை, அதுவும் ஒரு அழகு என்று விட்டுவிட்டார்கள். உலகத்தில் வேறெந்தப் பிள்ளைக்கும் இல்லாத காது. அது பச்சையாக இருந்தது. காது பச்சை, கன்னம் சாம்பல், மூக்கைச் சுற்றி நீலம், நகக்கண்ணில் நீலம். “ஏங்க” என்று அவள் போட்ட கூச்சலில் அவன் கீழேயிருந்து ஓடிவந்தான். பயப்படாத புள்ள, இது அடிப்பூச்சு, இதுக்குப் பேரே பிணப்பூச்சு, பழைய ஆளுங்க எல்லாரும் உடம்பை மொதல்ல செத்த நிறத்துலதான் போடுவாங்க, அது இறுகுனதும் மேல செவப்பைத் தண்ணி மாதிரி ஏத்தணும், அப்பத்தான் தோலுக்கடியில ரத்தம் ஓடுற மாதிரி தெரியும் என்று விளக்கினான். காட்டேரியின் கையைக் காட்டினான். உண்மைதான், அந்தக் கையும் முதலில் சவம் மாதிரிதான் இருந்தது, பிறகு சிவப்பு ஏறி, இப்போது நரம்பு துடிக்கிறது, இவளுடைய சொந்தக் கையைவிட அதில்தான் உயிர் அதிகம். அதனால் நம்பினாள். நம்பி, தினமும் கூட்டும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் கூட்டினாள். பார்க்காவிட்டாலும் அந்த நிறம் தெரிகிறது. அந்த நிறத்தை அவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள்.

ஸ்டெல்லா அக்காவின் பிள்ளை. அவள் கூடப்பிறந்த அக்கா, ரோஸ்லின் அப்போது எட்டாம் வகுப்பு. காய்ச்சலில் போய்விட்டது. உயிரோடிருக்கையில் ஒரு போட்டோகூட எடுக்கவில்லையே என்று யாரோ சொல்ல, அடக்கத்துக்கு முன்னால் போட்டோக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். வெள்ளைக் கவுன் போட்டு, காகிதப்பூக் கிரீடம் வைத்து, அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து மடியில் கொடுத்தார்கள். போட்டோக்காரன் நல்லவன்தான், அவனுக்கும் கஷ்டமாக இருந்திருக்கும், “அக்கா, கொஞ்சம் நிமித்திப் பிடிங்க, தலை சாயுது” என்றான். பிறகு கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், இடது கையை உயர்த்தி விரலைச் சொடுக்கினான். பாப்பா, இங்க பாரு, இங்க பாரு. யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், ரோஸ்லின் மட்டும் கவனித்தாள். இன்றைக்கும் யாராவது பிள்ளைக்கு முன்னால் விரலைச் சொடுக்கினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்புறம் போட்டோ வந்தது. ஸ்டுடியோவில் உதட்டுக்கு மட்டும் பிரஷ்ஷால் சிவப்புத் தொட்டுக் கொடுத்திருந்தார்கள், பிள்ளை அழகாக இருக்கட்டும் என்று. அந்தச் சாம்பல் முகத்தில் அந்தச் சிவப்பு உதடு. அவள் கொல்லையில் போய் வாந்தியெடுத்தாள், அக்காவுக்குத் தெரியாமல் மண்ணைத் தள்ளி மூடினாள். படம் இன்னும் அக்கா வீட்டில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. போன உயிர்ப்புத் திருநாளுக்குப் போயிருந்தபோது எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபிறகும் சவரி மட்டும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். வெகுநேரம் நின்றான். ஸ்டெல்லா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாருடி, உம் புருஷனுக்கு இருக்க மனசு, பாக்காத பிள்ளைக்காக ஜெபம் பண்ணுறாரு என்றாள். ரோஸ்லினுக்குப் பெருமையாக இருந்தது, இலையில் இன்னும் ஒரு துண்டு கறி வைக்கச் சொன்னாள் அவனுக்கு. அவன் எப்படி நின்றான்? கை கூப்பியா நின்றான்? கை பேண்ட் பையில் இருந்தது. தலை. தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. இப்போதுதான், வாயில் சாற்றோடும் பிடரியில் அரிப்போடும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் இந்த நிமிஷத்தில்தான், அவளுக்கு அந்தச் சாய்ப்பு கண்முன்னால் வந்தது. அவன் ஜெபம் பண்ணவில்லை. நிறம் எடுத்துக்கொண்டிருந்தான்.

இல்லை, இருக்காது, வெயில், வாய் வலி, கண்டதையும் நினைக்கத் தோன்றுகிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இன்றைக்குத்தான் ரத்தம் ஏற்றுகிறானே. கான்வாஸின் முதுகுதான் அவளுக்குத் தெரியும், அவன் என்ன போடுகிறான் என்று தெரியாது, ஆனால் இத்தனை மாதம் உட்கார்ந்ததில் அவளுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது. முழங்கை மேலே போனால் காட்டேரியின் முகம். முழங்கை இடுப்புக்கு இறங்கினால் மடி, பிள்ளை. பிரஷ் வர்ணத்தட்டின் எந்த மூலைக்குப் போகிறது என்பதும் தெரியும், சிவப்பு கட்டைவிரலுக்குப் பக்கத்தில், பச்சை கடைசியில். பிரஷ் சிவப்புக்குப் போயிற்று. அப்பாடா, சிவப்பு. முழங்கை மேலே போயிற்று. நாக்கு. சரி, நாக்கை முடித்துவிட்டு வருவான். ஈ ஒன்று வந்தது. தோல்ஷாப் பக்கமிருந்து காற்றடித்தால் கூடவே ஈ வரும், கொழுத்த பச்சை ஈ, எதன்மேல் உட்கார்ந்துவிட்டு வந்ததோ, அவள் தாடையில் சாறு வழிந்த கோட்டில் இறங்கி, கால்களைத் தேய்த்துக்கொண்டு, மெல்ல உதட்டுக்கு ஏறியது. ஊதக்கூடாது. மறுபடி சிவப்பு, மறுபடி மேலே. பிரஷ்ஷைத் துடைத்தான். ஈ உதட்டின் ஓரத்தில் நின்றது, அதற்கும் உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசனை. பிரஷ் தட்டின் கடைசி மூலைக்குப் போயிற்று. பச்சை. முழங்கை இறங்கியது. இடுப்புக்கு இறங்கி அங்கேயே நின்றது, சின்னச் சின்னதாக அசைந்தது. தப்பாகப் பார்த்திருப்பேன். மறுபடியும் அந்த மூலை, கூடவே கொஞ்சம் கறுப்பு. மறுபடியும் கீழே. ஈ நாக்கின்மேல் கால் வைத்தது. அந்த நேரத்தில்தான் போன் அடித்தது, கையெல்லாம் எண்ணெய் என்று அவன் முழங்கையாலேயே ஸ்பீக்கரை அழுத்தினான். பெங்களூரில் கண்காட்சி நடத்துகிற விஸ்வநாத் சார். சவரியின் படத்தை முதன்முதலாக ஒரு பெரிய சுவரில் மாட்டுகிறேன் என்று சொல்லியிருப்பவர்.

“சவரி, நேத்து அனுப்புன போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்தேன்யா. சாப்பாடு இறங்கல.”

“அய்யய்யோ, சாரி சார்.”

“எதுக்கு சாரி? அதான் வேணும். கொம்பு, பல்லு, இதெல்லாம் எல்லாப் பயலும் போட்டுட்டான். அந்தப் பிள்ளை இருக்கு பாருங்க, அந்த நிறம், வயித்தைப் பிரட்டுது. அதைத் தொட்டுராதீங்க.”

“தொடல சார். இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் விட்டுக்கிட்டிருக்கேன்.”

“பிள்ளைக்கு யாரு மாடல்?”

“நம்ம பொண்ணுதான் சார்.”

“அடேங்கப்பா, தைரியந்தான்யா உங்களுக்கு” என்றது போன். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்கள். தைரியமாம். ஒரு கரப்பான் வந்தால் கட்டில்மேல் ஏறிக்கொள்கிறவன். ரோஸ்லின் நாக்கை உள்ளே இழுத்தாள், ஈ பறந்தது, பக்கத்திலிருந்த தகரக் குவளையில் வாயிலிருந்ததையெல்லாம் துப்பினாள். துப்பத் துப்ப வந்தது. பேச வாயெடுத்தால் தாடை பூட்டிக்கொண்டு மூடமாட்டேன் என்கிறது, கையால் பிடித்து ஆட்டிவிடவேண்டியிருந்தது.

“ஏய், ஏன் துப்புன? நாக்கு இன்னும் முடியல.”

“இன்னிக்கு ரத்தம் ஏத்துறேன்னீங்க.”

“ஏத்தலாம்னுதான் இருந்தேன் ரோசு. படமே வேணாங்குது.”

“படம் வாயைத் தெறந்து சொல்லுச்சாக்கும். வாயைத் தெறந்துக்கிட்டு உக்காந்திருந்தது நானு.”

அவன் சிரித்தான், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “இங்க பாரு புள்ள” என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஆரம்பித்தான், “இது வெறும் மண்ணும் எண்ணெயும். ஜெசி அந்தா தொட்டில்ல தூங்குறா, நல்லா குண்டா, செவப்பா. இதுக்கும் அவளுக்கும் என்ன இருக்கு?” “ஒண்ணுமில்லேன்னா அந்தக் காதை எதுக்கு வச்சீங்க?” அவன் பிரஷ்ஷின் முடியைக் கிள்ளினான். கேட்கவேண்டாம், கேட்டால் தெரிந்துபோகும், தெரிந்துபோனால் அப்புறம் தெரியாததாக்க முடியாது என்று உள்ளே ஒரு குரல், அதற்குள் வாய் கேட்டுவிட்டது. “ஸ்டெல்லா அக்கா வீட்டுல அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு ஜெபமா பண்ணீங்க?” கோபப்படுவான் என்று நினைத்தாள், பொய்யாவது சொல்லுவான் என்று நினைத்தாள், சொன்னால் நம்பிவிடவும் தயாராக இருந்தாள். அவன் முகம் மலர்ந்தது. “கவனிச்சியா நீ!” என்றான். நிஜமான சந்தோஷம், பரீட்சையில் தேறின பிள்ளையைப் பார்க்கிற சந்தோஷம். “உதட்டோரத்துல அந்த நீலம் எப்படி இறங்குது பாத்தியா? எந்தப் புத்தகத்துலயும் அது கிடையாது ரோசு. எத்தனை தடவை கலந்து பாத்தேன் தெரியுமா அது வர்றதுக்கு.” ஒரு துண்டு கறி கூட வைக்கச் சொன்னேனே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்தக் கறி, அந்த இலை, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினது, இவன் விரலை நக்கிக்கொண்டே சாப்பிட்டது.

தொட்டில் ஆடியது. ஜெசி எழுந்துவிட்டாள், முதலில் முனகல், அப்புறம் வீறிட்டு. அழுகை கேட்டதுமே இவள் கேட்காமல் மாரில் பால் சுரந்து ரவிக்கையைத் தாண்டி வெல்வெட்டில் நனைந்தது, ராஜாக்களின் வேர்வையோடு இவள் பாலும் சேர்ந்து புளிச்ச வாடையாக எழுந்தது. “இரு இரு, அந்த ஈரம், வெளிச்சம் படுது, ஒரு நிமிஷம்” என்றான் அவன். அவள் கொம்பைக் கழற்றி மேஜையில் போட்டாள். வெல்வெட்டை உதறிக் கீழே தள்ளினாள். பிள்ளையைத் தூக்கினாள். என்ன சூடு. தூக்கத்திலிருந்து எழுந்த பிள்ளையின் சூடு, அழுது அழுது முகமெல்லாம் செம்பருத்தி நிறம், மடிந்த காது மட்டும் இன்னும் கூடச் சிவந்து, நெற்றியில் வேர்வை, மூக்கில் சளி. சளியை விரலாலேயே வழித்து ரவிக்கையில் துடைத்துக்கொண்டாள், அதில் அவளுக்கு எந்த அருவருப்பும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கான்வாஸைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். பச்சையைக் கூட்டித்தான் விட்டிருந்தான். வாய் லேசாகத் திறந்து, உதட்டோரம் நீலம் இறங்கி, இமை சரியாக மூடாமல் நடுவில் ஒரு வெள்ளைக் கீற்று. போட்டோக்காரன் விரலைச் சொடுக்கினபோது அக்காவின் பிள்ளை எங்கே பார்த்துக்கொண்டிருந்ததோ அங்கேயே இதுவும் பார்த்தது. வர்ணம் ஈரமாக மினுமினுத்தது. ஜெசி அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்தால் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள்.

ஸ்டாண்டின் ஆணியில் அவன் கை துடைக்கிற துணி தொங்கியது, டர்பென்டைனில் நனைந்தது. ரோஸ்லின் அதை உருவி, சோறு ஊட்டி முடித்ததும் பிள்ளையின் வாயைத் துடைத்துவிடுகிற மாதிரி, ஒரே இழுப்பாகத் துடைத்தாள். இன்றைக்குப் பூசினது அப்படியே துணியோடு வந்தது. அடியில் போன வாரத்துப் பூச்சு இருந்தது, அதை அழுத்தித் தேய்த்தாள், அதுவும் இன்னும் சரியாக இறுகவில்லை, கொழகொழவென்று பெயர்ந்தது, கன்னம், மூக்கு, அந்த இமை, காதுக்கு மட்டும் மூன்று தேய்ப்பு, பிறகு கழுத்து, உடம்பு, கை கால். “ஏய்! ஏய்! பைத்தியக்காரி! கையை எடுடி!” என்று அவன் கத்திக்கொண்டே வந்தான், அவள் தோளைப் பிடித்தான், இடுப்பில் பிள்ளை இருந்ததால் இழுக்கவில்லை. அப்புறம் அவன் சத்தம் நின்றது. பிடித்த கை தோளிலிருந்து நழுவியது. அவள் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டாள், தலை சாய்ந்துவிட்டது. “அசையாத” என்றான் மெதுவாக, “கையை எடுக்காத ரோசு. துணியோட அப்படியே வச்சிரு.” பின்னால் கரித்துண்டு தேடுகிற சலசலப்பு. அவள் கை நின்றது. அவள் நிறுத்தவில்லை, அது தானாக நின்றது, விரல் விரித்தபடி, மணிக்கட்டு தளராமல், இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்த அழகோடு நின்றது. ஆட்டுத்தலையும் வஜ்ஜிரமும் ஈயும் கொண்டுவராத அருவருப்பை அந்தக் கை கொண்டுவந்தது, தன் தோளிலிருந்து முளைத்த கை, அவன் சொன்னால் கேட்கிற கை. அதைப் பிடுங்குவது மாதிரி நகர்த்தி, படத்தில் மேலே இருந்த தன் முகத்தின்மேல் கொண்டுபோய்த் தேய்த்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். நாக்கில் இன்றைக்கு வைத்த ஈரம் மட்டும் இழுகியது, மற்றதெல்லாம் காய்ந்து எத்தனையோ மாதமாயிற்று, கல்லாக இறுகிவிட்டது, அந்த உதட்டிலிருந்து ஒரு பொட்டுச் சிவப்புகூடப் பெயரவில்லை. துணியிலிருந்த பிள்ளையின் நிறந்தான் போய்க் காட்டேரியின் உதட்டிலும் பல்லிலும் தாடையிலும் அப்பிக்கொண்டது. கீழே மடி காலி. மண்ணிறமாக ஒரு பள்ளம். மேலே வாயெல்லாம் சாம்பல் பச்சை, நாக்கில் ஈரம்.

அவன் கரித்துண்டைக் கீழே வைத்தான். பிறகு, கோயிலுக்குள் பேசுகிறவன் மாதிரி, “நான் யோசிச்சிருந்தாக்கூட இது வந்திருக்காது” என்றான். “இனி ஒண்ணும் தொடாத. போ, போய் உக்காரு ரோசு, வெளிச்சம் திரும்புறதுக்குள்ள.”

ஜெசி பசியில் அவள் ரவிக்கையைப் பிடித்து இழுத்தாள். ரோஸ்லின் துணியை அவன் காலடியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

“உங்க காட்டேரி தின்னு முடிச்சாச்சுங்க” என்றாள். “இனி உக்காந்து என்ன பண்ண?”